பெட்ரோல் ஆவிக் கசிவு என்று லைட் எரிகிறது, மூடி மாற்றியும் அணையவில்லை

கேள்வி (பாளையங்கோட்டை):
வீட்டுக் கார், பெட்ரோல் வண்டி. செக் எஞ்சின் லைட் எரிந்ததால் வண்ணார்பேட்டையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம், பி0455 வந்தது, ஆவி போகும் பாதையில் பெரிய கசிவாம். புது பெட்ரோல் மூடி போட்டு லைட்டையும் அழித்துக் கொடுத்தார்கள், தென்காசி போய் வருவதற்குள் மறுபடி எரிந்துவிட்டது. இப்போது டேங்கை இறக்கிப் பார்க்கணும் என்கிறார்கள். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. இறக்கத்தான் வேண்டுமா?

பதில் (வள்ளியூர்):
அவசரப்படாதீங்க அண்ணாச்சி. பங்கில் பெட்ரோல் போட்ட கையோடு ஸ்டார்ட் பண்ணினால் உடனே பிடிக்கிறதா, திணறுகிறதா?

கேட்டவர்:
அட, பங்கில் மட்டும் இரண்டு மூன்று தடவை சாவியைத் திருப்பினால்தான் எடுக்கும். மற்ற நேரம் சட்டென்று எடுத்துவிடும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமா?

பதில் (வள்ளியூர்):
நிறையவே. டேங்கில் எழும் ஆவியைக் கரி நிரப்பிய கேனிஸ்டர் பிடித்து வைக்கும், எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அதை எஞ்சினுக்குள் இழுத்துவிடும். அந்த வால்வு மூடாமல் திறந்தபடி சிக்கிக்கொண்டால், பெட்ரோல் போட்டதும் டேங்கிலிருந்து தள்ளப்படும் ஆவி நேராக எஞ்சினுக்குள் போய் ஸ்டார்ட் திணறும், வண்டியின் கம்ப்யூட்டர் தானாகவே கசிவு சோதனை ஓட்டும் நேரத்தில் டேங்கில் அழுத்தம் நிற்காததால் அதையும் கசிவு என்றே எழுதிவிடும். வால்வு பெரும்பாலும் எஞ்சின் பக்கம்தான் இருக்கும், டேங்கைத் தொடவே வேண்டாம். எஞ்சின் ஆறியதும் கழற்றி, வயர் மாட்டாமல் கைப்பம்பால் காற்றடித்துப் பாருங்கள், நல்ல வால்வில் காற்று போகாது. வாயால் ஊதாதீங்க, உள்ளே பெட்ரோல் ஆவி.

பதில் (அம்பாசமுத்திரம்):
அண்ணாச்சி சொல்வதுதான் முதலில். வால்வு நன்றாக இருந்தால் ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள், ஆவிப் பாதைக்குள் புகையைச் செலுத்துவார்கள், அந்தப் புகை எங்கே வெளியே வருகிறதோ அங்கேதான் ஓட்டை, குழாய் வெடிப்பென்றாலும் தெரிந்துவிடும். பார்க்காமலே டேங்கை இறக்குவது நமக்குத்தான் கூலிச் செலவு. இன்னொன்று, பங்கில் கன் தானாக நின்ற பிறகு ரவுண்டாக வரட்டும் என்று மேலே ஊற்றச் சொல்லாதீர்கள், கேனிஸ்டருக்குள் பெட்ரோலே இறங்கிக் கரி கெட்டுப்போகும். வெறும் லைட் என்றால் ஓட்டலாம். பெட்ரோல் வாடை அடித்தாலோ கீழே சொட்டினாலோ வண்டியை எடுக்கவே கூடாது.

கேட்டவர்:
வாடை இல்லை, சொட்டும் இல்லை. வால்வில் காற்று தாராளமாகப் போகிறது! புதுசு சொல்லியிருக்கிறோம். போட்டதும் லைட் அணையுமா?

பதில் (வள்ளியூர்):
ஸ்கேனரில் அழித்தால் உடனே அணையும். ஆனால் கம்ப்யூட்டரின் கசிவு சோதனை மறுபடி ஓடி முடிந்தால்தான் சரியானதாக நம்பலாம், அது டேங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் ஓடாது. அரை டேங்க் வைத்து, காலையில் ஆறிய எஞ்சினோடு கிளம்பிப் பாருங்கள்.