ஷெவர்லே 350 பிளாக்: ரீபோர் மட்டும் போதுமா, ஸ்ட்ரோக்கையும் கூட்டலாமா?

கேள்வி:
வணக்கம். என்னிடம் உள்ள ஸ்மால் பிளாக் 350 (கொள்ளளவு 350 கன அங்குலம்) எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 101.6 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.4 மி.மீ. சிலிண்டர்கள் தேய்ந்துவிட்டதால் எப்படியும் ரீபோர் செய்தாக (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும். போரை மட்டும் 1.5 மி.மீ. கூட்டுவதா, அல்லது 0.76 மி.மீ. மட்டும் கூட்டி, பழைய 400 எஞ்சினின் 95.25 மி.மீ. ஸ்ட்ரோக் தரும் கிராங்கை (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டை) பொருத்தி 383 கன அங்குலம் ஆக்குவதா? வண்டி சாலையில் ஓடுவது. நிமிடத்துக்கு 5,500 சுற்றைத் தாண்டாது. குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை வேண்டும்.

பதில் 1:
உங்கள் தேவைக்கு ஸ்ட்ரோக்கைக் கூட்டுவதே சரி. போரை மட்டும் 1.5 மி.மீ. கூட்டினால் 5.7 லிட்டர் 5.9 ஆகும், அதற்காகச் சிலிண்டர் சுவரை மெலிதாக்குவது வீண். இரண்டாவது வழியில் 6.27 லிட்டர் கிடைப்பதோடு, பின்னாளில் இன்னொரு ரீபோருக்கும் இடமிருக்கும். ஆனால் 400 கிராங்கின் மெயின் ஜர்னல் (பிளாக்கின் பேரிங்கில் சுழலும் பகுதி) 67.3 மி.மீ. விட்டம்; உங்கள் பிளாக்குக்கு அதை 62.2 மி.மீ. ஆகக் கடைய வேண்டும். மேலும் அது வெளிச் சமநிலை கொண்டது (சமநிலை எடையின் ஒரு பகுதி கிராங்குக்கு வெளியே இருப்பது) என்பதால் அதற்குரிய டேம்பரும் (முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) ஃப்ளைவீலும் தேவை. 350 பிளாக்குக்கென்றே செய்த புது கிராங்கை வாங்குவதே நல்லது.

கம்ப்ரஷன் விகிதத்தையும் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதையும்) கணக்கிடுங்கள். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 80 சி.சி. என்றால், பழைய ஸ்ட்ரோக்கில் 10.1 ஆக இருக்கும் விகிதம் புதியதில் 10.8 ஆகிவிடும்; சாதாரண பெட்ரோலில் எஞ்சின் தட்டக்கூடும். குழிந்த தலையுள்ள பிஸ்டன் இதைச் சரிசெய்யும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. புது கிராங்கே வாங்கி, 144.8 மி.மீ. ராடுகளுடன் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டுகள்) கோத்துப் பார்த்தேன். கையால் சுற்றும்போது ராடு போல்ட் பிளாக்கின் அடிவிளிம்பில் இடிக்கிறது. 152.4 மி.மீ. ராடுக்கு மாறினால் தீருமா?

பதில் 2:
தீராது. ராடு மாட்டும் கிராங்க் முள் முன்பைவிட 3.4 மி.மீ. வெளியே சுழல்வதால் ராடின் பெரிய முனை இடிக்கிறது. ராடின் நீளம் அதை மாற்றாது. இடிக்கும் இடத்தை, குறைந்தது 1.5 மி.மீ. இடைவெளி கிடைக்கும்வரை சிறிது சிறிதாக அரையுங்கள். அப்பால் தண்ணீர் அறை இருப்பதால் அவசரம் கூடாது. எட்டு சிலிண்டர்களையும் தனித்தனியே பாருங்கள். கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) டைமிங் செயினோடு பொருத்தி, கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, ராடு போல்ட் கேம் மேட்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள். அங்கே அரைக்க வேண்டியது ராடின் தோளைத்தான். குறுகிய அடிவட்டம் கொண்ட கேமும் உதவும்.

நீண்ட ராடு பிஸ்டனின் பக்க அழுத்தத்தைக் குறைப்பது உண்மையே. ஆனால் அதற்கேற்ற பிஸ்டனில், ராடை மாட்டும் பின்னுக்கான (pin) துளை ஆயில் ரிங் பள்ளத்தை வெட்டுவதால், ரிங்கைத் தாங்கத் தனித் தகடு தேவைப்படும். 5,500 சுற்றுக்குள் ஓடும் வண்டிக்கு 144.8 மி.மீ. ராடே போதுமானது. பிஸ்டன் மட்டும் 383-க்கென்று செய்ததாக இருக்கட்டும். பழைய 350 பிஸ்டன் உச்சியில் பிளாக்கின் மேல்தளத்தைத் தாண்டி வெளியே வரும். அரைத்து முடித்ததும் பிளாக்கை எண்ணெய்த் துளைகள் உட்பட முழுவதும் கழுவிய பிறகே பேரிங்குகளைப் பொருத்துங்கள்.