சிஸ்டீன் பிணைந்ததா, சும்மா ஒட்டியதா? மாலிப்டினம் டைசல்ஃபைடு உரித்தவர்கள் சொல்லுங்கள்

கருந்தூள்:
வணக்கம். பிஎச்.டி. இரண்டாம் வருஷம். அடுக்கடுக்காக இருக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடு தூளை மெல்லிய அடுக்குகளாக உரிக்க, என்.எம்.பி. என்ற கரைப்பானில் போட்டு பாத் சோனிகேட்டரில் (மீயொலித் தொட்டி) 8 மணி நேரம் வைத்து, 1500 ஆர்.பி.எம்.மில் முக்கால் மணி நேரம் சுற்றி, மேலே நிற்கும் கரும்பச்சைத் திரவத்தை மட்டும் எடுத்தேன். யூ.வி. ஒளி உறிஞ்சல் அளவீட்டில் 610, 670 நானோமீட்டர் பக்கம் இரண்டு உச்சிகளும் அழகாக வந்தன, அதுவரை பிரச்சினை இல்லை. அப்புறம் சிஸ்டீனை (ஒரு முனையில் எஸ்-ஹெச் என்ற கந்தக-ஹைட்ரஜன் பிணைப்பும் இன்னொன்றில் அமீனும் உள்ள அமினோ அமிலம்; கந்தக முனை அடுக்கில் பிணைய வேண்டும்) தண்ணீரில் கரைத்துச் சேர்த்து, ராத்திரி முழுக்கக் கலக்கவிட்டு, வடிகட்டி, தண்ணீரில் நாலு முறை கழுவி உலர்த்தினேன்.

எந்தப் பிணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும் எஃப்.டி.ஐ.ஆர். அகச்சிவப்பு அளவீட்டில் 2550 பக்கம் இருக்க வேண்டிய எஸ்-ஹெச் உச்சியைக் காணோம். பிணைந்துவிட்டது என்று சந்தோஷமாக ஸ்லைடு போட்டேன். கைடு பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிணைஞ்சிருக்கா, இல்ல சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கா?" என்னிடம் பதில் இல்லை. டி.ஜி.ஏ.யில் (சூடாக்கி எடை இழப்பை அளப்பது) 9 சதவீதம் எடை இறங்குகிறது, அதைக் காட்டினால் போதுமா? அமீன் முனையை வைத்து எபாக்சி பிசினோடு இணைக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடும். எங்களிடம் கிளவ்பாக்ஸ் (காற்றுப் படாமல் வேலை செய்யும் பெட்டி) கிடையாது.

ஏழாம்_அடுக்கு:
உங்கள் கைடு சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறார். எஸ்-ஹெச் காணாமல் போக இரண்டு வழி உண்டு. அடுக்கில் கந்தகம் இல்லாத காலி இடத்தில் போய் உட்காருவது ஒன்று. இரண்டு சிஸ்டீன் தங்களுக்குள்ளேயே கைகோத்து சிஸ்டின் ஆகிவிடுவது இன்னொன்று. பெயரில் குறில் நெடில் வித்தியாசம்தான், ஆனால் சிஸ்டீன் தண்ணீரில் நன்றாகக் கரையும், சிஸ்டின் லிட்டருக்கு 0.1 கிராம் அளவுக்குத்தான் கரையும். நாலு முறை இல்லை, நாற்பது முறை தண்ணீரில் கழுவினாலும் அது பாட்டுக்கு மேலே படிந்து கிடக்கும். டப்ளின் டிரினிட்டி கல்லூரிக் குழு ஒன்று 2016இல் இதையே காட்டியது: மாலிப்டினம் டைசல்ஃபைடே சிஸ்டீனை சிஸ்டினாக மாற்ற உதவுகிறது, உருவான சிஸ்டின் மேற்பரப்பில் வெறுமனே ஒட்டியிருக்கிறது.

அதனால் முதல் வேலை, 1 மோலார் ஹெச்.சி.எல்.லில் கழுவுங்கள். அமிலத்தில் சிஸ்டின் கரைந்துவிடும், அடுக்குக்கு ஒன்றும் ஆகாது. கழுவியதற்கு முன்னும் பின்னும் டி.ஜி.ஏ. எடுங்கள், கூடவே சிஸ்டீனே சேர்க்காத ஒரு மாதிரியும் ஓட்டுங்கள். என்.எம்.பி.யின் கொதிநிலை 202 டிகிரி, அடுக்குகளுக்கிடையில் சிக்கினால் லேசில் போகாது. உங்கள் 9 சதவீதத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? கடையில் வாங்கிய சிஸ்டினையும் தனியாக எஃப்.டி.ஐ.ஆர். எடுத்து உங்கள் கோட்டின்மேல் வைத்துப் பாருங்கள், அநேகமாக அச்சு அசலாகப் பொருந்தும்.

எக்ஸ்.பி.எஸ். (எக்ஸ் கதிர் அடித்து மேற்பரப்பில் என்ன தனிமம் இருக்கிறது என்று பார்ப்பது) எடுத்தால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நைட்ரஜன் 1எஸ் உச்சி வரும் 400 எலக்ட்ரான்வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே மாலிப்டினத்தின் 3பி உச்சி வந்து அகலமாக உட்கார்ந்திருக்கும். நைட்ரஜன் இருக்கிறது என்று ஆசைப்பட்டுப் பொருத்தினால் எப்போதும் இருக்கும் :)

நீலவடிதாள்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என்.எம்.பி.யில் கிடைப்பது 2எச் என்ற சாதாரணப் படிக நிலை, அதன் தட்டையான முகத்திலுள்ள கந்தகம் எதோடும் பேசாது. விளிம்பும் காலி இடமும்தான் வேலை செய்யும், அவை ரொம்பக் குறைவு. நிஜமாகவே பிணைக்க வேண்டும் என்றால் லித்தியம் வழிக்குப் போங்கள். 1986இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் செய்துகாட்டிய பழைய வழிதான்: தூளை ஹெக்சேனிலுள்ள 1.6 மோலார் என்-பியூட்டைல் லித்தியத்தில் ஆர்கானுக்குக் கீழே இரண்டு நாள் ஊறவைத்து, மிச்ச பியூட்டைல் லித்தியம் போக ஹெக்சேனில் கழுவி, பிறகு தண்ணீர். உள்ளே புகுந்த லித்தியம் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜனைக் கிளப்பும், அது அடுக்குகளைப் பிளக்கும். பச்சை போய்க் கறுப்பாக நிற்கும், யூ.வி.யில் அந்த இரண்டு உச்சிகளும் மங்கிவிடும். பயப்பட வேண்டாம், 1டி என்ற இன்னொரு படிக நிலைக்கு மாறியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ராமன் நிறமாலையில் 156, 226, 333இல் புது உச்சிகள் வரும்.

இந்த 1டி அடுக்குகளில் எதிர்மின்சுமை மிச்சமிருக்கும், அதுதான் வினையைத் தள்ளுகிறது. 2015இல் ருட்கர்ஸ் குழு அயோடோஅசெட்டமைடைப் பிணைத்தது இப்படித்தான். ஆனால் உங்களுக்கு அது உதவாது, முனையில் வருவது அமைடு, எபாக்சியோடு மந்தமாகத்தான் வினைபுரியும். நானாக இருந்தால் நைட்ரோ டையசோனியம் உப்பைப் போட்டுப் பார்த்து, பிறகு நைட்ரோவை அமீனாகக் குறைப்பேன். அதிலும் ஒரு சிக்கல்: டையசோனியம் தன்மேலேயே ஏறி ஏறிச் சங்கிலியாக வளரும், எடை அதிகம் இறங்கினால் உடனே குஷியாகிவிடாதீர்கள். 1டியை நாள்கணக்கில் பாட்டிலில் வைத்திருக்கவும் கூடாது, மெல்ல 2எச்சுக்குத் திரும்பும்.

பழைய_ஷ்லெங்க்:
தம்பி, கிளவ்பாக்ஸ் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், அதற்குள் பியூட்டைல் லித்தியமா? ஷ்லெங்க் லைனில் (பம்பால் காற்றை வெளியேற்றி ஆர்கானை நிரப்பும் குழாய் அமைப்பு) செய்யலாம்தான், ஆனால் பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் சிரிஞ்சைத் தொடாதீர்கள். 2008 டிசம்பரில் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் சிந்தித் தீப்பிடித்து, லேப் கோட் போடாமலிருந்த ஆய்வு உதவியாளர் ஒருவர் 18 நாள் கழித்து இறந்துபோனார். என்- வகை அவ்வளவு கோபக்காரன் இல்லை, ஆனாலும் அதே குடும்பம். பருத்திக் கோட் போடுங்கள், நைலான் வேண்டாம்.

எல்லோரும் பாட்டிலைப் பார்த்துப் பயப்படுவார்கள், வடிதாளை மறந்துவிடுவார்கள். நான் படித்த இடத்தில் ஹெக்சேனில் கழுவி முடித்த வடிதாளை ஒருவர் சும்மா குப்பைக்கூடையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது கூடை புகைந்துகொண்டிருந்தது. அதில் ஒட்டியிருந்த லித்தியம் ஏறிய தூள் ஈரக்காற்றிலேயே சூடேறும். வடிதாள், சிரிஞ்ச், ஊசி எல்லாவற்றையும் ஐசோபுரோபனாலில் மெதுவாகத் தணித்துவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

கருந்தூள்:
எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் ஹெச்.சி.எல்.லில் கழுவி மறுபடி ஓட்டினேன். 9 சதவீதம் 3 ஆகிவிட்டது. சிஸ்டீன் சேர்க்காத மாதிரி 2.6. ஆக மிச்சம் இருப்பது ஏறக்குறைய முழுக்க என்.எம்.பி.தான் போல. சிஸ்டின் கோட்டையும் மேலே வைத்துப் பார்த்தேன், அப்படியே உட்காருகிறது. நாலு மாச வேலை போச்சு.

ஏழாம்_அடுக்கு:
போகவில்லை. அந்த 3, 2.6 இரண்டையும் ஒரே படத்தில் போட்டு நாளைக்கே கைடிடம் காட்டுங்கள். அவர் கேட்டதற்கு இதுதான் பதில். அதே கையோடு ஷ்லெங்க் லைனையும் கேட்டுவிடுங்கள்.

கருந்தூள்:
பக்கத்து லேபில் ஒன்று இருக்கிறதாம். பம்ப் ஆயில் மாற்றி எத்தனை வருஷமோ, போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.