1978 பத்மினி: ஆறு வாரத்தில் ரேலிக்குத் தயாராகுமா?

வெட்டாறு:
மாயவரம் பக்கம் கொட்டகையில் 7 வருஷமாக நின்ற 1978 பிரீமியர் பத்மினி. தை மூன்றாம் வாரம் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மாயவரம் வழியாகத் தரங்கம்பாடிக்குப் பழைய கார் ரேலி, 100 கி.மீ. சொச்சம். இன்னும் 6 வாரம்தான். இன்ஜின் இறுகிக் கிடக்கிறது, பிரேக் பெடல் தரைவரை போகிறது, டேங்கில் துரு. பட்டறையில் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) பண்ணிவிடலாம் என்கிறார்கள். டிங்கரிங், பெயின்ட்டை முதலில் முடிக்கலாமா?

அரசலாறு:
பெயின்ட் கடைசியில் தம்பி. நாள் போதாவிட்டால் விட்டுடுங்க. மார்கழிப் பனி ஈரத்தில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் வெள்ளை பூத்துப்போகும். காரின் ஃப்ளோர் தகட்டை மட்டும் இப்பவே பாருங்க: காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டினால், ஒட்டாத இடத்தில் தகடு போய் பட்டிதான் நிற்குதுன்னு அர்த்தம்.

ரீபோருக்கு அவசரப்படாதீங்க. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஓட்டைக்கு இரண்டு ஸ்பூன் வீதம் டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றி மூணு நாள் விடுங்க. அப்புறம் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்க. கயிறு கட்டி இழுத்து கிளட்சை விட்டால் பிஸ்டன் ரிங் ஒடியும். அசைந்ததும், பிளக் மாட்டுவதற்கு முன்னாடியே சுற்றவிட்டு ஊற்றியதை வெளியே தள்ளிடணும். கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், அதனால் ஆயிலையும் மாற்றுங்க.

ஓடிச் சூடானதும் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பாருங்க. நாலு பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழு மிதி. எந்த சிலிண்டர் குறைகிறதோ அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு, இல்லை ஹெட் கேஸ்கட். வால்வு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கி கிரைண்டிங் பண்ணினால் போதும். ரீபோர் பண்ணினால் 500 கி.மீ.யாவது நிதானமா ஓட்டி ஆயில் மாற்றணும். லேத்தில் வேலை ஒரு வாரம் தள்ளினாலே அந்த ஓட்டத்துக்கு நாள் இருக்காது.

குடமுருட்டி:
பிரேக்கை இன்ஜினுக்கு முன்பே ஆரம்பியுங்கள். நாலு சக்கரமும் டிரம்தான். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். நம் பக்கத்துக் காற்றுக்கு வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளுவது) உள்ளே புள்ளி புள்ளியாகத் துரு பிடித்திருக்கும். விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் ரப்பர் கிட் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். ரப்பரைப் பெட்ரோலில் கழுவினால் ஊதிவிடும். பிரேக் ஆயிலில் மட்டும் நனைத்து மாட்டுங்கள்.

மூன்று பிரேக் ஹோஸ்களும் பழையவை என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஊதி அடைத்திருக்கும்; பெடலை விட்ட பிறகும் சக்கரம் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் ஹோஸுக்கு மேலே குழாய் இணைப்பைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்துவது) பக்கம். அங்கே விடுபடாமல் சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்தால்தான் விடுபடுகிறது என்றால் ஹோஸ்.

பிரேக் குழாயில் ஏர் எடுக்கும்போது வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பிரேக் ஆயில் டாட் 3 ரகம், புதிதாகத் திறந்த டப்பா.

வெண்ணாறு:
டேங்கில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். கழற்றி, ஒரு கைப்பிடி நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்து, கழுவி நன்றாகக் காயவிடுங்கள். இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல்; பழைய பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் (உள்ளே அசையும் ரப்பர் தகடு) அரிக்கும். எத்தனால் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். சாமான் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம், ஆனால் டயாஃப்ரம் மட்டும் புதிதாக இருக்கட்டும்.

வெட்டாறு:
நன்றி அண்ணே. முதலில் பிரேக். ஆர்.சி. காலாவதி ஆகிவிட்டது, அதற்கு?

அரசலாறு:
பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. வண்டியை நேரில் காட்டணும், பாஸானால் 5 வருஷம் கிடைக்கும். 50 வருஷம் ஆனால்தான் விண்டேஜ் பதிவு, உங்க வண்டிக்கு இன்னும் ஆகலை. பிரேக்கும் லைட்டும் முடிந்த அன்றைக்கே விண்ணப்பியுங்க.

குடமுருட்டி:
ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவுங்கள். ஃபேன், இன்ஜின் சுழற்றும் பெல்ட்டில் ஓடுவது; கும்பகோணம் நெரிசலில் ஊர்ந்தால் காற்று போதாது, சூடு காட்டும் முள் ஏறும். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி 0.45 மி.மீ. அதோடு இருக்கும் கண்டன்சர் சூட்டில்தான் செத்துப்போகும், அதனால் ஒன்று கூடுதலாக டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள், திருப்புளியோடு.