ஓட்ட வீராங்கனைக்கு விளையாட்டு மருத்துவர் தேவை

வணக்கம். 800 மீட்டர் ஓடும் என் அண்ணன் மகளுக்கு வயது 17. சில மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விடாத வலி. ஓடுகிற பெண்களுக்கு இது சகஜம் என்கிறார் பயிற்சியாளர். எனக்கு உடன்பாடில்லை. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாவிட்டால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், எலும்பு வலுவிழந்து நூலிழை விரிசல் விடலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இலேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டு, 2023இல் புதுப்பித்தும் இருக்கிறது. இவளோ வெறும் வயிற்றில் பயிற்சி முடித்து, இரண்டு இட்லியோடு பள்ளிக்கு ஓடுகிறாள். எடை கூடினால் வேகம் போய்விடும் என்ற பயம் வேறு!

மதுரைப் பக்கம் விளையாட்டு மருத்துவரோ உணவியல் நிபுணரோ தெரிந்தால் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எங்கே எடுக்கலாம்? இதிலிருந்து மீண்ட வீராங்கனைகள் இருந்தால், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் ஓட்டத்தை நிறுத்தினீர்கள் என்றும் எழுதுங்கள்.