பாத மருத்துவ உரிமம் புதுப்பித்தல்: அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. என் பாத மருத்துவ உரிமம் காலாவதியாகும் நேரம் நெருங்கிவிட்டது. கட்டணம், தொழில் காப்பீட்டுச் சான்று எல்லாம் தயார். இடிப்பது தொடர்கல்விக் கணக்குதான், அதாவது உரிமத்தைப் புதுப்பிக்கக் காட்ட வேண்டிய பயிற்சி மணிநேரம்.

நீரிழிவுப் பாதப் பரிசோதனை பற்றி ஒரு பயிற்சி முடித்தேன். தொடுவுணர்வைச் சோதிக்கும் நைலான் இழையான 10 கிராம் மோனோஃபிலமென்டை உள்ளங்காலில் எங்கெங்கே வைத்து அழுத்துவது, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையால் அதிர்வுணர்வை எப்படிப் பார்ப்பது என்று முழுக்கச் செய்முறை. உருப்படியான பயிற்சி, சந்தேகமே இல்லை. ஆனால் சான்றிதழில் பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்பது மட்டும் இல்லை. நடத்தியவர்களுக்கு மின்னஞ்சல் போட்டால் பதிலே வரவில்லை. நிகழ்ச்சி நிரலையும் வருகைப் பதிவையும் சேர்த்து இணைத்தால் ஏற்றுக்கொள்வார்களா?

நடுவில் பேறுகால விடுப்பிலும் இருந்தேன். அந்த மாதங்களுக்கு விலக்கு வாங்கியவர்கள் யாராவது உண்டா? விண்ணப்பத்தோடு கேட்டால் போதுமா, முன்கூட்டியே எழுத வேண்டுமா?

முக்கியமான கேள்வி இதுதான். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது பழைய உரிமத்தை வைத்து நோயாளிகளைப் பார்க்கலாமா? நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடித்து நொண்டிக்கொண்டு வருகிறவரிடம் "காகிதம் இன்னும் வரவில்லை" என்றா சொல்வது?

"வாரியத்தையே கேளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்டாயிற்று, தானியங்கிப் பதில்தான் வந்தது. விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், உங்களுடையது எந்த வாரியம் என்பதையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.