யூசர் ஃபோல்டரை அப்படியே எக்ஸ்டர்னல் டிரைவுக்கு மாத்தலாமா?

கொலுசுப்பட்டறை:
வணக்கம்ங்க, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு பட்டறை வச்சிருக்கேன். லேப்டாப்ல விண்டோஸ் 11, எஸ்எஸ்டி 256 ஜிபி தான். மாடல் போட்டோ, பில்லு, பார்ட்டிக்கு அனுப்புற வீடியோ எல்லாம் சேந்து ஸி டிரைவ் சிவப்பாயிடுச்சு, 6 ஜிபி தான் மிச்சம், நேத்து அப்டேட் கூட எறங்கல. 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டேன், யூசர்ஸுக்குள்ள என் பேர்ல இருக்கற ஃபோல்டரை கட் பண்ணி அதுல போட்டா போதுமா? அப்பா கையால வரைஞ்ச டிசைன் நோட்டு பூரா போட்டோ எடுத்து இதுல தான் வச்சிருக்கேன், நோட்டை கரையான் அரிச்சிடுச்சு, அதான் பயமா இருக்கு.

அஞ்சுரோட்டுக்காரன்:
அண்ணா கட் மட்டும் பண்ணிடாதீங்க. அந்த ஃபோல்டருக்குள்ள ஆப்டேட்டான்னு ஒண்ணு மறைஞ்சிருக்கும், சாஃப்ட்வேர் செட்டிங்ஸ் எல்லாம் அதுல தான், அது ஸி-லயே இருக்கட்டும். பிக்சர்ஸ், வீடியோஸ், டாக்குமெண்ட்ஸ் இது மட்டும் மாத்துங்க. பிக்சர்ஸ் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன் டேப், மூவ். ஆனா முன்னாடியே டிரைவுல பிக்சர்ஸ்னு தனி ஃபோல்டர் போட்டு அதை காட்டுங்க, வெறும் டிரைவையே காட்டிட்டா மொத்த டிரைவும் பிக்சர்ஸ்னு ஆயிடும், திருப்பறதுக்குள்ள உயிர் போயிடும். அப்புறம் விண்டோஸ்லயே இருக்கற டிஸ்க் மேனேஜ்மெண்ட்ல போய் டிரைவுக்கு யூ இல்ல டபிள்யூ மாதிரி கடைசி எழுத்தா குடுத்துடுங்க, இல்லன்னா வேற பென்டிரைவ் சொருகினப்போ எழுத்து மாறி ஃபோல்டர் காணோம்னு நிக்கும்.

நைட்ஷிஃப்ட்:
எதுக்கு இவ்ளோ, ரெஜிஸ்ட்ரில, அதான் விண்டோஸ் தன்னோட உள் செட்டிங்ஸ் வச்சிருக்கற இடத்துல, ப்ரொஃபைல் பாத்தையே (யூசர் ஃபோல்டர் எங்க இருக்குங்கற முகவரி) மாத்திட்டா முழு ஃபோல்டரும் எக்ஸ்டர்னலுக்கே போயிடுமே.

மலைக்காத்து:
தம்பி அந்த வேலை வேண்டாம்ப்பா, நான் பட்டவன். ஏற்காட்ல சின்ன காபி தோட்டம், கணக்கு பூரா கம்ப்யூட்டர்ல தான். நீங்க சொன்ன மாதிரி ப்ரொஃபைலையே எக்ஸ்டர்னலுக்கு மாத்தி வச்சிருந்தேன். ஒரு நாள் கேபிள் லூசா இருந்ததை கவனிக்காம ஆன் பண்ணிட்டேன், விண்டோஸ் தற்காலிக ப்ரொஃபைல்ல உள்ள விட்டுடுச்சு, நானும் டெஸ்க்டாப் காலியா இருக்கேன்னு நெனச்சுகிட்டே அன்னிக்கு பழம் பறிச்ச ஆளுங்க கூலியெல்லாம் அடிச்சு டெஸ்க்டாப்லயே சேவ் பண்ணேன், சைன் அவுட் பண்ணதும் அத்தனையும் போச்சு. 32 பேர் கூலி, ஒவ்வொருத்தரையா கேட்டு திரும்ப எழுதினேன். அதனால போட்டோ, வீடியோ மட்டும் வெளிய போகட்டும்.

கொலுசுத் தம்பி, உங்களுக்கு இன்னொண்ணு. மூவ் பண்ணா பழைய இடத்துல இருக்காது, டிரைவுல ஒரே காப்பி தான். ஓடிட்டிருக்கறப்போ கை பட்டு விழுந்தா ஹார்ட் டிஸ்க் அவ்ளோ தான். அப்பா நோட்டு போட்டோவை முதல்ல வேற டிரைவுலயும் ஒரு காப்பி போட்டு பீரோல வச்சிட்டு அப்புறம் இந்த வேலைய தொடுங்க. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ்னு டிரைவுல ஃபைலை அடுக்கி வைக்கற முறை ரெண்டு இருக்கு, உங்க டிரைவ் எக்ஸ்ஃபேட்ல இருந்தா காலியா இருக்கறப்பவே என்டிஎஃப்எஸ்ஸுக்கு ஃபார்மேட் பண்ணிடுங்க, எழுதிட்டிருக்கறப்போ கேபிள் புடுங்கினா எக்ஸ்ஃபேட் சீக்கிரம் கெடும்.

கொலுசுப்பட்டறை:
ரொம்ப நன்றிங்கண்ணா. நோட்டு போட்டோ 9 ஜிபி தான் இருந்துச்சு, மச்சானோட பழைய டிரைவுல முதல்ல ஏத்திட்டேன். அப்புறம் வேகமா ஏறும்னு நீல யூஎஸ்பி போர்ட்ல புது டிரைவை சொருகி பிக்சர்ஸும் வீடியோஸும் மூவ் குடுத்தேன், 110 ஜிபி, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. டாக்குமெண்ட்ஸ்ல பில்லு இருக்கு, கடையில டிரைவ் இல்லாமலும் தெறக்கணும், அதனால அதை ஸி-லயே விட்டுட்டேன். டிரைவை கழட்டிட்டு பிக்சர்ஸ் தெறந்து பாத்தேன், லொகேஷன் இல்லன்னு சொல்லுது, திரும்ப சொருகினதும் எல்லாம் வந்துடுச்சு. அப்டேட்டும் இப்ப எறங்கிட்டு இருக்குங்க.