மூணு நாள் வந்த சிலிண்டர் இப்ப ரெண்டே நாள்தான் வருது

இட்லிக்கடை:
வணக்கம். திண்டுக்கல்ல சின்ன டிபன் கடை வச்சிருக்கேன். 19 கிலோ சிலிண்டர் மூணு நாள் தாங்கும். ரெண்டு வாரமா ரெண்டு நாள்லயே புஸ்ஸுனு போயிடுது. இட்லி அண்டா அடுப்பு மட்டும் நீலமா எரியாம, மஞ்சளா நாக்கை நீட்டி நீட்டி எரியுது. அண்டா அடியைத் தொட்டா விரல்ல மை. பாத்திரம் தேய்க்கிற அக்கா தினம் என்னைத் திட்டுது. கேஸ்ல ஏதாவது கலக்குறாங்களா? எடை போட்டுப் பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு.

சேலத்துக்காரன்:
சிலிண்டர் அடியில தண்ணி நிக்கும் பாஸ். மாத்திக் கேளுங்க.

பழைய பாய்லர்:
தண்ணிக் கதையை விடுங்க. அதே கேஸ்ல மத்த அடுப்பு நீலமா எரியுதுல்ல? அப்ப குத்தம் காத்துல.

சர்க்கரை ஆலை பாய்லர்ல 30 வருஷம் நின்னவன் நான். பாதிக்குப் பாதி ஈரமான கரும்புச் சக்கையை எரிச்சோம். காத்து குறைஞ்சா புகைபோக்கி கறுப்பாக் கக்கும், கூடினா சூட்டை அள்ளிட்டுப் போயிடும். உங்க கேஸும் அப்படித்தான். ஒரு கிலோ முழுசா எரிய 15 கிலோவுக்கு மேல காத்து வேணும். அதுல ஒரு பங்கை, ஜெட்டுக்கு, அதாவது கேஸ் பீச்சுற முனைக்கு, பக்கத்துல இருக்கிற ஓட்டை வழியா கேஸே இழுத்துக்கும். அங்க அடைச்சா, எரியாத கரி அண்டாவுல ஒட்டும். அரைகுறையா எரிஞ்சது கார்பன் மோனாக்சைடா வரும். கரி அதோட நின்னுட்டா, முழுசா எரியும்போது தர்ற சூட்டுல மூணுல ஒரு பங்குகூடத் தராது. அது வாசனையே இல்லாத விஷம் வேற, முதல்ல ஜன்னலைத் திறந்து வைங்க.

ஆனா மை மட்டும் ஒரு நாள் கேஸைத் தின்னுடாது. அடுப்புப் பக்கம் ஃபேன் ஏதும் ஓடுதா தம்பி?

இட்லிக்கடை:
ஓடுது ஐயா. மாஸ்டருக்கு வேர்க்குதுன்னு போன மாசம்தான் டேபிள் ஃபேன் வாங்கி வச்சேன். சுடர் ஒரு பக்கமா சாஞ்சு அண்டாவைச் சுத்தி மேல ஏறுது.

பழைய பாய்லர்:
ஐ.எஸ்.ஐ முத்திரை வாங்க, வீட்டு ஸ்டவ் 68 சதவீதம் சூட்டைப் பாத்திரத்துல ஏத்தினாப் போதும். மீதி எப்படியும் காத்தோட போறதுதான். நீங்க அதுக்கு மேல விசிறியும் விடுறீங்க!

சிலிண்டரை மூடி, பர்னர் ஆறினதும் கழட்டிக் குழாய்க்குள்ள பாருங்க. ஜெட்டை ஊசி வச்சுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும்.

இட்லிக்கடை:
அஞ்சு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். குழாய்க்குள்ள சிலந்தி கூடு கட்டியிருந்துச்சு. அதுமேல காஞ்ச மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேந்து சுண்டுவிரல் தடிப்புக்கு அடைப்பு. பழைய டூத் பிரஷ்ல தேச்செடுத்தேன். பத்த வச்சதும் 'ஸ்ஸ்'னு நீலமா நின்னுச்சு. புது சிலிண்டர் மூணாம் நாள் மத்தியானம் வரைக்கும் வந்துச்சு.

ஃபேனைக் கல்லாப் பக்கம் திருப்பிட்டேன். மாஸ்டர் ரெண்டு நாளா என்கூடப் பேசலை.